நீலப்பூவுக்கு நான் சொன்ன பெயர்

பிப். 10, செவ்வாய்

காலையில் பனி. பஸ் லேட். தாவரவியல் லேபில் ஒரே ஊட்டிப் பேச்சு. ஃபீல்டு டிரிப்புக்கு வகுப்பே போய்வந்தது, நான் தவிர. அண்ணன் தீர்ப்பு: "பசங்களோட மலைக்கா? வூட்ல கெட." அவன் நண்பர்களோடு ஏற்காடு போனபோது யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஸ்டெல்லா, வில்லியனூர்க்காரி, லேபில் எப்போதும் என் பக்கத்து ஸ்டூல். அவள்தான் அதைக் கண்டுபிடித்தாளாம். மலைமேல் ஈரப் புல்வெளியில் விரலளவு செடி, நீலப்பூ. ஷூ நனைந்ததைக்கூடப் பெருமையாகச் சொல்கிறாள். "முட்டி போட்டாத்தான்டி கண்ணுக்கே தெரியும். வெயில் போனா மூடிக்கும்."

வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதும்.

பிப். 11, புதன்

கோடையில் மலை ஆய்வுக்கு எங்கள் சார் மாணவர் ஒருவரை அழைத்துப் போகிறார். டிரிப்பில் கொண்டுவந்த செடியை வெள்ளிக்கிழமை சரியாக அடையாளம் சொல்பவருக்கு அந்த இடம். என்னிடம் செடியே இல்லை. வீட்டில் கட்டிப்போடப்பட்டவளுக்கு இதுவும் கிடையாது.

நீலப்பூவுக்கு ஸ்டெல்லா வைத்திருக்கும் பெயர் ஸ்வெர்ஷியா. "நீ பாத்துச் சொல்லுடி செல்வி. நீ சரின்னா அதையே எழுதிடுறேன்." செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்த பூ ஒன்றை மடித்துக் கொடுத்தாள்.

வீட்டில் டம்ளரில் போட்டுக் கொதிக்கவைத்தேன். காய்ந்த பூ அப்போதுதான் விரியும். கரும்பு வெட்டிவிட்டு வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, பூவுல ரசமா?"

லென்ஸில்: இதழடியில் தேன்குழி இல்லை. ஸ்வெர்ஷியா என்றால் இருக்கும். இதழுக்கும் இதழுக்கும் நடுவே குட்டி மடிப்பு, காய்ந்ததில் ஒட்டி மறைந்திருந்தது. ஆக, ஜென்டியானா. சந்தேகமே இல்லை.

ஷூவை நனைத்தவள் பூவை நனைக்கவில்லை.

பிப். 12, வியாழன்

"பாத்தியாடி?"

"சரிதான். ஸ்வெர்ஷியா."

"நீ இல்லன்னா நான் இன்னாடி பண்ணுவேன்!" கன்னத்தைக் கிள்ளினாள். மதியம் சோறு இறங்கவில்லை.

இறங்காவிட்டால் என்ன. டிரிப்புக்கு அவள் அப்பாவே வந்து பையை பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம். எனக்கு வாசற்படியோடு சரி.

பிப். 13, வெள்ளி

நல்ல வெயில். ஸ்டெல்லாதான் முதலில். எழுந்ததும், "சார், செடி எடுத்தது நான். பேரு உறுதி பண்ணது செல்வி. அவ பேரையும் போடணும்."

நான் எதிர்பார்க்கவில்லை.

ஊறவைத்த பூவை லென்ஸில் பார்த்துவிட்டு சார் என்னைக் கூப்பிட்டார். "தேன்குழி எங்கம்மா? காட்டு."

இல்லை என்று முன்பே தெரியும் என்றால், ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும்.

"தெரியல சார்."

பின்பெஞ்சில் ஒருவன்: "புக்க கரைச்சுக் குடிச்ச ஆளுப்பா இது!" சிரிப்பு.

சார் ஸ்டெல்லாவிடம், "நீயாவது பூவைப் பிரிச்சுப் பாத்தியா?"

"செல்வி பாத்தா போதும்னு விட்டுட்டேன் சார்."

இடம் ஒரு பையனுக்குப் போனது. ஏதோ பெரணி கொண்டுவந்தவன். அவனை எந்த அண்ணனும் தடுக்கப்போவதில்லை.

மதகடிப்பட்டு பஸ் ஸ்டாப்பில் ஸ்டெல்லா அழுது முடித்து முகம் துடைத்தாள். பிறகு என் தோளில் கை போட்டாள். "விடுடி. மலையில அத உசுரோட பாத்திருந்தா நீ கரெக்டா சொல்லியிருப்ப. உங்க அண்ணன்கிட்ட நான் வந்து பேசியிருக்கணும்."

அவள் பஸ் வந்தது. ஏறினாள், கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.

இந்த மனசும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது.