இரண்டு விரல் சல்யூட்

ஹம்பர்க், 11 நவம்பர் 1969, செவ்வாய்

கீழ்வீட்டுப் போலந்துக்காரர், பெரியவர் யான், மாலையில் காப்பி குடிக்க வந்தார். மேஜையில் அப்பாவின் படம் இருந்தது. பர்மா சண்டைக்குப் போகுமுன் வெள்ளைக்காரன் பட்டாளத்து உடுப்பில் எடுத்தது. அதைப் பார்த்ததும் யான் கழற்றி வைத்த தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். இரண்டே விரலால் சல்யூட் வைத்தார். மூட்டுவலியில் மற்ற விரல்கள் மடங்கிவிட்டனவோ என்று பயந்து கையைப் பிடித்தேன். சிரித்தார்.

"எங்க வழக்கமே இதுதான். முதல் உலக யுத்தத்தப்போ போலந்துன்னு ஒரு நாடே கிடையாது. நாங்களா பேர் கொடுத்து, ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பட்டாளத்துல தனிப் படையா சண்டை போட்டோம். துப்பாக்கி, சாப்பாடு எல்லாம் அவரோடது. சல்யூட் மட்டும் எங்களது. அவங்க ஆபீசருங்க முறைப்பாங்க. நாங்க மாத்திக்கல."

பிறகு, "உங்கப்பா எப்படி சல்யூட் வைப்பாரு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் அப்பா சாப்பிடும்போதெல்லாம் பர்மா மழையையும் காலில் ஏறிய அட்டைகளையும் சொல்லிச் சிரிக்க வைப்பார். அந்தக் குரல் இன்று காதிலேயே இருக்கிறது. காலேஜில் சேர்ந்த வருடம் நான்தான் சொன்னேன்: "வெள்ளைக்காரனுக்கு சல்யூட் அடிச்சு வந்த சோறுதானே இது." அப்பா கை கழுவ எழுந்துபோனார். அதோடு பர்மாக் கதை நின்றுவிட்டது.

இப்போது ஏர்மெயில் தாளில் யானின் கேள்வியை மட்டும் அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த வரி வரவில்லை.

அன்று அப்பாவின் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.