டாங்கி வந்ததும் எழுந்து போகிறவள்

நேற்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. உப்புக் குவியலை மூடியிருந்த தார்ப்பாயின் ஈர வாசனை வீடு வரைக்கும் வந்தது. இனி தை பிறக்கிற வரை பாத்தியெல்லாம் தண்ணீருக்கடியில்தான், வேலை கிடையாது. உங்களுக்கென்றால் இந்த வாசனை வந்தாலே படம் பார்க்கும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பாண்டி சண்டே மார்க்கெட்டில், வெள்ளைக்காரர்கள் வீட்டைக் காலி செய்யும்போது போட்டுவிட்டுப் போன பழைய சிடிக்களைப் பொறுக்கி, மரக்காணம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவீர்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. எந்த நாடு, எந்தச் சண்டை, என்ன பாஷை, ஒன்றும் நமக்குத் தெரியாது. ஓர் ஊர் இருக்கும், அதற்குள் வேற்று நாட்டுப் பட்டாளம் வந்து இறங்கும், அவ்வளவுதான். உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று சண்டை பிடித்திருக்கிறேன். "துப்பாக்கி வச்சிருக்கிறவன் கதைய எல்லாரும் எடுக்கிறான். வூட்ல உலை வச்சிட்டு இருந்தவ என்னா பண்ணான்னு இதுலதான் காட்டுறான்" என்பீர்கள்.

அந்த உலை வைத்தவளைப் பார்க்கத்தான் என்னால் முடியாது. தெருமுனையில் டாங்கி திரும்பியதும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். படம் முடிந்ததும் உங்கள் குரல் வரும். "வாடி உள்ள. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல." எந்தப் படத்துக்கும் இதே பதில். அத்தனை குண்டு விழுந்தும் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாதா? ஒரு படத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரி. கால் விளங்காத புருஷன் வர மாட்டேன் என்று நாயோடு கடையிலேயே கிடக்க, ஊரோடு கிளம்பிப் போனவள் பாதி வழியில் வண்டியிலிருந்து இறங்கி அவனுக்காகத் திரும்பி ஓடினாள். அந்தப் படத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னீர்கள். "ரெண்டு பேரும் தப்பிச்சிட்டாங்க. அந்த நாயும் கூட." நாயும் கூட என்றதும்தான் எனக்கு உறுதியானது, இவர் வாய் கூசாமல் புளுகுகிறார் என்று.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதையும் நான் நம்பவில்லை. கடைசி வாரம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வலியே இல்லடி. நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்றீர்கள். நான் வராந்தாவில் நின்று அழுதேன். எவ்வளவு வலித்ததோ, எனக்காக எவ்வளவு மறைத்தீர்களோ என்று இரண்டு வருஷமாக அதுவேதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

நேற்று நம் மகள் போனில் தேடி, அதே ரொட்டிக்கடைக்காரி படத்தை டிவியில் போட்டாள். டாங்கி திரும்பியது. வழக்கம்போல எழுந்துவிட்டேன்.

"எங்கம்மா போற? கூப்பிட்டு சொல்றதுக்கு இப்ப அப்பாவா இருக்காரு? உக்காரு" என்று புடவையைப் பிடித்து இழுத்தாள்.

உட்கார்ந்தேன். ரொட்டி அடுப்புக்குப் பின்னால் இருவரும் ஒளிந்துகொண்டார்கள். பட்டாளம் கடையைத் தாண்டிப் போனது. பொழுது விடிந்ததும் அவனைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, அவள் தள்ளிக்கொண்டே பாலத்தைக் கடந்தாள். அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் ஓடி வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. பாலத்தின் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் காலியாகவே இருந்தது. அப்புறம் அவசரமே இல்லாமல் அந்த நாய் வந்தது.

நான் சிரித்த சிரிப்பில் மகள் பயந்துபோனாள். அழுகையும் கூடவே வந்தது, ஆனால் வராந்தாவில் நின்று அழுத அழுகை இல்லை. அத்தனை நாள் பாரமும் இறங்கிவிட்டது.

ஒரு நாயை வைத்து எல்லாவற்றையும் நம்பிவிடுவாயா என்று கேலி பண்ணுவீர்கள். பண்ணுங்கள். மற்ற படங்களின் முடிவை நான் பார்க்கப்போவதில்லை, அதில் எவ்வளவு புளுகியிருந்தாலும் உங்களோடு இருக்கட்டும். உங்களுக்கு வலி இல்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்.