அப்பாவின் கண்ணாடியைத் தேய்த்த நவம்பர்

நவம்பர் 8, சனி

அப்பா இன்றைக்கும் மூக்குக்கண்ணாடியோடு நீராவிக் குளியல் அறைக்குள், சவுனாவுக்குள், போய்விட்டார். அந்த வெக்கையில் பிளாஸ்டிக் வில்லை மேலிருக்கும் பூச்சு வெடித்துவிடும் என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள். "வெளியில கழட்டி வைங்கன்னா கேக்கறதில்ல. அடுப்பு என்ன எழுந்து ஓடியா போயிடும்?" கண்ணாடி இல்லாவிட்டால், ஆவி வர ஊற்றும் தண்ணீர் அடுப்பின் சூடான கல்லின் மேல் விழாமல் தன் காலில் விழுகிறதாம் அப்பாவுக்கு.

அவர் வந்ததும் வாங்கிப் பார்த்தேன். இரண்டு வில்லையிலும் முடியைவிட மெல்லிய கீறல்கள், வலை வலையாக. துடைத்தால் போகவில்லை.

இதைப் போட்டுக்கொண்டுதான் எங்களைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் டாக்சியை ஓட்டுகிறார்.

நவம்பர் 10, திங்கள்

டாக்சி இன்று காலை சாலையோரத் தபால்பெட்டி வரிசையை உரசிவிட்டது. இருட்டுதான். ஆனால் அந்தப் பெட்டிகள் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே நிற்கின்றன. முதல் வகுப்பு பிஹ்லா சிரித்தாள், அவளுக்கு அது விளையாட்டு. நான் புத்தகத்தில் எந்தப் பக்கம் இருந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

"எல்லாம் இந்தக் கீறல் விழுந்த கண்ணாடியால," என்றார் அப்பா. "எதிர்ல வர்ற வெளிச்சத்துக்கெல்லாம் தாடி முளைச்சிருக்கு."

புதிது வாங்கலாமே என்றேன். கடையில் கண்ணையும் சோதிப்பார்கள், அதற்கெல்லாம் நேரமில்லை என்றார். நேற்று பகல் முழுக்க ஏரியில் தூண்டில் போட மட்டும் நேரம் இருந்ததே?

நவம்பர் 12, புதன்

அவருடைய பழைய கண்ணாடி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதுவும் சவுனாவுக்குப் பலியானதுதான். அதில் சோதித்துப் பார்த்தேன்.

இடது வில்லையில் பற்பசை. பழைய கீறல் மங்கியது, ஆனால் புதிதாக வளையம் வளையமாகக் கீறல். பல்லை வெளுப்பாக்கும் பசைக்குள் மணல் மாதிரி ஏதோ இருக்க வேண்டும். வலது வில்லைக்கு, காரின் முன்விளக்கைத் தேய்க்க அப்பா வைத்திருக்கும் பாலிஷ். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், தூசியோடு தேய்த்தால் அதுவே கீறும். பிறகு பருத்தித் துணியில் ஒரு சொட்டு, அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாக. வெடித்த பூச்சு மெல்ல மெல்லப் போனது. பச்சை மினுக்கமும் கூடவே போயிற்று. ஆனால் வில்லை தெளிந்துவிட்டது!

நவம்பர் 15, சனி

இன்று அப்பாவிடமிருந்து கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர் சவுனாவில் இருந்தபோது தேய்த்து முடித்தேன். விரல் மரத்துவிட்டது. கட்டம்போட்ட தாளின் மேல் பிடித்துப் பார்த்தேன், கோடு எதுவும் நெளியவில்லை. விளக்கெதிரே பிடித்தால் ஒரு கீறல்கூட இல்லை.

"புரொபசர், உனக்குக் கடை வச்சுக் குடுத்துடலாம் போல," என்றார். மாட்டிக்கொண்டு சமையலறை விளக்கைப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டினார். மறுபடி பார்த்தார். கழட்டிச் சட்டை நுனியில் துடைத்தார்.

நவம்பர் 18, செவ்வாய்

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மாலை கடைத் திருப்பத்தில் டாக்சிக்காக நின்றேன். இருட்டில் தெரிவதற்காக என் குளிர்கோட்டில் தொங்கும் ஒளிப்பட்டை அவர் விளக்கு பட்டதும் பளிச்சென்று மின்னியது, எனக்கே கண் கூசியது. கையைத் தூக்கினேன். வண்டி நிற்கவில்லை. என் முழங்கையை ஒட்டிக்கொண்டு போயிற்று. நான் பனியில் விழுந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், அமைதியாக.

பிஹ்லா உள்ளேயிருந்து அப்பாவைப் பேர் சொல்லிக் கத்தியிருக்கிறாள். "ரெய்யோ, ஹெல்க்காவ விட்டுட்டுப் போறீங்க." அப்பா வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி இன்னும் மங்கல்தான் என்றார்.

இல்லை. மங்கல் இல்லை. நான்தானே தேய்த்தேன்.

நவம்பர் 19, புதன்

மறுபடி எடுத்துக் கட்டத்தாளின் மேல் பிடித்துப் பார்த்தேன். நான்தான் தேய்த்துக் கெடுத்திருக்க வேண்டும், கடவுளே, அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எல்லாக் கோடும் நேராகவே இருந்தது. அப்படியென்றால் —

நவம்பர் 20, வியாழன்

காலையில் நான் வண்டியில் ஏறவில்லை.

"ஏறு புரொபசர், நேரமாச்சு."

"நான் வரலப்பா. நீங்களும் போகாதீங்க."

முதலில் சிரித்தார். கண்ணாடி சுத்தமாக இருக்கிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சிரிப்பு நின்றது.

"இந்த ரோடு எனக்கு மனப்பாடம் ஹெல்க்கா. வளைவு, பாலம், மேடு, எல்லாம்."

"நான் ரோடு இல்லையேப்பா. பிஹ்லாவும் ரோடு இல்ல."

அடிப்பாரோ என்று நினைத்தேன். ஒருநாளும் அடித்ததில்லை, இருந்தும் நினைத்தேன். எஞ்சினை அணைத்தார். பிஹ்லாவின் அம்மாவுக்குப் போன் செய்து, இன்றைக்கு வரமுடியாது, வண்டி சரியில்லை என்றார். கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். "இல்ல," என்றார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. என் கண்ணுதான் சரியில்ல."

நவம்பர் 25, செவ்வாய்

வேறொருவர் டாக்சி ஓட்டுகிறார். ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார். அப்பா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார், கையசைக்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

காஜானி மருத்துவமனை. இரண்டு கண்ணிலும் புரை. அறுவைசிகிச்சை முடிந்து டாக்டர் சொல்லும்வரை ஓட்டக்கூடாது. திரும்பவும் டாக்சி கிடைக்குமா என்று அப்பா கேட்டார். பார்க்கலாம் என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

திரும்பும்போது அம்மா ஓட்டினாள், அப்பா பக்கத்தில், நான் பின்னால். ஊர் எல்லை தொட்டதும், ஒவ்வொன்றும் வருவதற்கு முன்பே அப்பா சொல்லிக்கொண்டே வந்தார் — இடது வளைவு, பாலம், மேடு, பிஹ்லா வீட்டுத் திருப்பம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அப்புறம் அம்மா சட்டென்று பிரேக் போட்டாள். காலால் உந்தும் சறுக்குவண்டியில் ஒரு பாட்டி சாலையைக் கடந்துகொண்டிருந்தாள், முன்கூடையில் பால் பொட்டலம்.

"யாரு?" என்று கேட்டார் அப்பா.

அதன் பிறகு வீடு வரும்வரை வளைவு, மேடு எதையும் அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை.