ட்ரையரில் காய்ந்த மண்

அன்பு மகள் நிரஞ்சலாவுக்கு,

மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜப்பான் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். மனசைக் கேட்டால் எனக்குச் சுகமில்லை, போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். மலை சரிந்ததில் போனது லயத்து வீடுகளின் பின்பக்கச் சமையல் குசினிகளும் பக்கத்து வீட்டு இராக்கம்மாவின் இரண்டு மாடுகளும்தான், மழை வலுத்ததும் ஆட்கள் எல்லோரும் பாடசாலைக்கு வந்துவிட்டோம், இன்னும் இங்கேதான் இருக்கிறோம். அந்தக் கவலையிலும் இராக்கம்மா, ஒங்க மக எக்ஸ்ரே புடிக்கிறவதானே, என் முழங்காலையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்க என்கிறாள். மகள் எக்ஸ்ரே பிடிப்பது மண்ணுக்கு என்று எத்தனை தரம் சொல்லியும் அவளுக்கு ஏறவில்லை.

போன கிழமை நீ அழுதது இன்னும் காதில் இருக்கிறது. சித்திரையில் நான் அனுப்பிய நம் மலை மண்ணைப் பார்த்து, இது தண்ணீரைப் பிடித்து வைத்துச் சரிகிற களியில்லை என்று தோட்டத்துக்குத் தாள் எழுதிக் கொடுத்தாயாம், இப்போது மலையே இறங்கிவிட்டதால் தையோடு ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஏதோ கம்பெனியில் சேரப் போகிறாயாம். சரியிற களி சூடு பட்டாத்தான் அப்படி மாறிக் காட்டும், ஆனா மண்ண யாருப்பா சூடாக்கப் போறா, நான்தான் எங்கயோ பிழை விட்டுட்டேன் என்றாய். நான் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன்.

மகளே, சூடாக்கியது நான்தான். ஈரம் போகாமல் கட்டி அனுப்புங்க அப்பா என்று நீ இரண்டு தரம் சொன்னாய். இருபத்தெட்டு வருடம் தேயிலைப் பெக்டரியில் ட்ரையருக்கு முன்னால் நின்று இலை காயவைத்தவனுக்கு ஈரத்தோடு ஒரு பொருளை டின்னில் அடைக்கக் கை வரவில்லை, பூசணம் பிடித்துப்போய்ப் பேராசிரியர் முன்னால் உனக்கு வெட்கமாகிவிடும் என்று நினைத்தேன். பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சாப்பிடப் போன நேரம் தட்டில் பரப்பி, இலைக்குக் கொடுக்கும் சூட்டையே கொடுத்து, கல் பொறுக்கிப் பொடியாக்கி அனுப்பினேன். அதில் ஒரு பெருமை வேறு. அந்தத் தாளில் சரியானதை எழுத நான் விட்டிருந்தால் இராக்கம்மா மாடுகளையாவது நேரத்தோடு அவிழ்த்திருப்பாள். படித்த பிள்ளை சொன்னதைக் கேட்காதது ஒரு தவறு, நீ அழும்போது வாய் திறக்காதது அதைவிடப் பெரிய தவறு.

இத்துடன் சரிந்த இடத்து மண் வருகிறது. அம்மா ஏச ஏசப் போய்த் தோண்டி, ஈரத்தோடே இரண்டு பொலித்தீன் உறையில் இறுக்கிக் கட்டியிருக்கிறேன், கல்லைக்கூடப் பொறுக்கவில்லை. நீ அனுப்பிய அனுமதித் தாளையும் ஒட்டி, பதுளை தபால் கந்தோரில் நானே கொடுக்கிறேன். இதைப் பார்க்காமல் வேலையை விட்டுவிடாதே. பெக்டரியில் இலை சூடு கூடிக் கெட்டால், ட்ரையரில் நின்றவன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மற்றவர்மேல் பழி வராது. இந்தக் கடிதத்தை உன் பேராசிரியருக்கு வாசித்துக் காட்டு. அம்மன் உனக்கு என்றும் துணையிருப்பாள். கம்பளி போடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
மண்ணை ட்ரையரில் போட்டவன்,
உன் அப்பா
மு. கந்தப்பன்