தூங்காத சர்வர்

ஜூன் 3, செவ்வாய்

ரத்ததானச் செயலியை எந்த நிறுவனத்தின் கிளவுட் சர்வரில் ஏற்றலாம் என்று மூன்றை ஒப்பிட்டு அறிக்கை கேட்கிறான் ஸ்ரீஹரி. என் மேலாளர், என்னைவிட ரொம்பச் சின்னவன். ரெண்டு பக்கம் போதுமாம், ரெண்டாவது நிறுவனம் என்று முடிவே செய்தாகிவிட்டதாம். அப்புறம் ஒப்பீடு எதற்கு? பிள்ளை வளர்க்க வேலையை விட்டுத் திரும்பி வந்தவள்தானே, எதையாவது கொடுத்து உட்கார வைப்போம் என்றா?

மூன்றிலும் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

ஜூன் 5

ஏற்றிவிட்டேன். முதலாவது பெரிய நிறுவனம். எல்லாம் செய்யும், ஆனால் அமைப்பதற்கே ஒரு பகல் போயிற்று. மூன்றாவது சின்னது, காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ரெண்டாவதும் சுலபம்தான் – ஆனால் அதன் இலவசத் திட்டத்தில், கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் சர்வர் தூங்கிவிடுகிறது. அடுத்து வருகிறவர் அது விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மாலை மாம்பலம் ஸ்டேஷனில் நின்று போனில் திறந்தேன். ரயில் வந்து, கூட்டம் இறங்கி, ரயில் கிளம்பியும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ரத்தம் கேட்டு எப்போதோ ஒருவர்தானே வருவார்? வருகிற ஒவ்வொருவரும் தூங்குகிற சர்வரைத்தானே எழுப்ப வேண்டும்?

ஜூன் 6

மூன்றாவதே சரி, அதன் இலவசத் திட்டத்தில் சர்வர் தூங்குவதில்லை என்று எழுதி ஸ்ரீஹரியிடம் கொடுத்தேன். மற்ற வேலையெல்லாம் ரெண்டாவதில் இருக்கிறது, இலவசத் திட்டத்தையும் மாற்ற முடியாது என்றான். கடைசிப் பத்தியை மட்டும் மாற்றித் தர வேண்டுமாம்.

"ஒரு நிமிஷம் லேட்டானா என்ன மேடம்?"

உங்கள் பெயரில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆத்துக்கு வந்து இவரிடம் சொன்னால், இந்த வயசில் வேலை கிடைத்ததே பெரிசு, அவனோடு எதற்கு வம்பு என்கிறார். ஏன், பிச்சையாவா வாங்கிண்டேன்? டெஸ்ட் எழுதி, இன்டர்வியூல உக்காந்துதானே வந்தேன்? நான் சொல்றது தப்புன்னா தப்பைக் காட்டட்டும். என் வயசைக் காட்ட வேண்டாம்.

ஜூன் 9

மறுபடி கேட்டான். மாற்றவில்லை. மாற்றப் போவதும் இல்லை.

ஜூன் 11

ஆழ்வார்பேட்டை ரத்த வங்கியில் மீட்டிங். செயலி அவர்களுக்குத்தான். கொடையாளர்களை அழைக்கும் பொறுப்பு முழுக்க அன்புச்செல்வியுடையது, சிந்தாதிரிப்பேட்டைப் பெண். நான் எதுவும் பேச வேண்டாம் என்று லிஃப்டிலேயே சொல்லிவிட்டான் ஸ்ரீஹரி. பேசவில்லை. அவன் முடித்ததும், காலையிலிருந்து யாரும் தொடாத ரெண்டு லிங்க்கை அவள் போனுக்கு அனுப்பி, திறந்து பாருங்கள் என்றேன். அவ்வளவுதான்.

மூன்றாவது நிறுவனத்துடையது உடனே திறந்தது. மற்றதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா மேடம், சுத்திக்கினே கீது? அங்க ஒருத்தி பிரசவத்துல படுத்துக்கினு கீறா, நான் இத்த பாத்துக்கினு குந்தியிருக்கவா?"

ஸ்ரீஹரி திரும்பும்போது தனி ஆட்டோ பிடித்தான்.

ஜூன் 12

என்னை அந்தப் புராஜெக்ட்டிலிருந்து எடுத்துவிட்டான். புடவைக்கடை வெப்சைட்டில் படங்களைச் சரிசெய்ய வேண்டும். ராஜினாமா செய்வேன் என்று எதிர்பார்க்கிறானோ? உட்கார்ந்திருப்பேன். தினமும் அவன் கண்ணெதிரே.

ஜூலை 2, புதன்

அன்புச்செல்வி போன் செய்தாள். ரத்த வங்கி பிடிவாதமாக நின்றதால் எங்கள் ஆபீசில் போன வாரம் மூன்றாவதிலேயே ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு யாருமே சொல்லவில்லை. நேற்று அடையாறில் ஒரு பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் கேட்டு வந்ததாம். தொட்டதும் திறந்தது, உடனே ரெண்டு பேர் கிடைத்தார்கள் என்றாள். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். பெண் குழந்தை.

போனை வைத்தபோது ஸ்ரீஹரி பக்கத்தில் நின்றிருந்தான். யார் என்று கேட்டான்.

"என் கிளையன்ட்" என்றேன்.