பச்சை என்று சொன்னேன்

தங்கச்சி,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு எழுத்து மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது. இந்த அளவுக்கு எழுத நான்கு நாள் ஆயிற்று. ஆனாலும் எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததில்லை. பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளை ஒன்றுவிடாமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போகிறேன். தேனாம்பேட்டையில் பக்கத்து இருக்கைக்காரர், "பெரியவரே, எங்களுக்கும் படிக்கத் தெரியும், கொஞ்சம் மனசுக்குள்ள படிங்க" என்றார்.

நேற்று எங்கள் முதியோர் எழுத்து வகுப்பு நடக்கும் மாநகராட்சிப் பள்ளியில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்தார்கள். தண்ணீர் பட்டதும் அந்த வாடை எழுந்தது. என் பேனா நின்றுவிட்டது. மயிலாப்பூர் முலாம் பட்டறையின் பின்கட்டில், தொட்டிக்கு முன்னால் கையில் துடுப்போடு நிற்பதுபோல் இருந்தது.

குத்துவிளக்கும் தட்டும் கழுவிய அமிலத் தண்ணீர் அந்தத் தொட்டியில் வந்து சேரும். நான் சுண்ணாம்பு கரைத்து ஊற்றிக் கிண்டுவேன். பிறகு சோதனைத் தாளை நனைத்துப் பார்ப்பேன். தாள் சிவந்தால் அமிலம் இன்னும் இருக்கிறது. பச்சையானால்தான் தண்ணீரைச் சாக்கடைக்குத் திறக்கலாம். தினமும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டறைக்குக் கொடுத்த அனுமதியிலேயே இருந்த நிபந்தனை. எட்டாவது வரை படித்திருந்ததால் எழுதும் வேலை உன்னுடையது. முன்கட்டில் விளக்குகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே குரல் கொடுப்பாய்.

"இன்னாண்ணே, கலர் இன்னா?"

"பச்சை."

"பச்சைன்னா? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா?"

"புடவையா எடுக்கப் போற? எழுதும்மா."

பதிவேட்டில் பச்சைக்கு எண் ஏழு. நீ சிரித்துக்கொண்டே ஏழு என்று எழுதுவாய்.

முதல் வருடம் நான் சொன்ன பச்சையெல்லாம் பச்சைதான். நவராத்திரி ஆர்டர் குவிந்தபோதுதான் கெட்டது. தொட்டி நிரம்பி நிற்கும். "இன்னும் தொறக்கலையா?" என்று முதலாளி சத்தம் போடுவார். ஒரு மணி நேரம் கிண்டினால் தோள் கழன்றுவிடும், சுண்ணாம்பு கண்ணில் தெறிக்கும். ஒரு நாள் தாள் சிவப்பாகவே இருந்தது. நான் குழாயைத் திறந்துவிட்டு, "பச்சை" என்று கத்தினேன். பொய் சொல்லும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. தோள் வலித்தது, அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை என்பதால் மறுநாளும் சொன்னேன். அப்புறம் அதுவே பழகிவிட்டது.

தெருச் சாக்கடையில் அடைப்பெடுக்க வந்தவருக்கு இரண்டு கையும் வெந்துபோயின. அவர் பெயரைக்கூட நான் விசாரிக்கவில்லை. வாரியத்து அதிகாரி வந்து சாக்கடையில் தாளை நனைத்தார். சிவப்பு. பதிவேட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஏழு.

"அண்ணன்தான் சார் பாத்துச் சொல்லும். நான் எழுதுவேன்" என்றாய்.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்."

"படிக்கத் தெரியாதவர்கிட்ட கேட்டா இதையெல்லாம் எழுதினீங்க?" என்று உன்னைத்தான் கேட்டார். சிவப்புக்கும் பச்சைக்கும் படிப்பு எதற்கு என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. கட்டிய கையை எடுக்காமல் நின்றேன்.

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி உன்னிடம் சொல்லிவிட்டார். பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாய்.

"அண்ணே, அது பச்சையாத்தான இருந்துச்சு?"

"பச்சைதாம்மா."

"அப்போ தாளுதான் கெட்டுப்போயிருக்கும். உடுண்ணே, நீ இன்னா பண்ணுவ."

இத்தனை வருடமாக இந்தச் சொல்லைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். நீ என்னைத் திட்டியிருந்தால் மறந்துபோயிருக்கும்.

அதன்பிறகு அடையாறில் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தாய். ஆற்றோரத்து வீட்டை இடித்து உங்களை ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகும் இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வந்தாய். நீ கண்மூடிய பதினாறாம் நாள் உன் மகள் எனக்கு டீ கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா பொய்க் கணக்கு எழுதித்தான் பட்டறைய விட்டு நின்னுச்சாம். எங்க வூட்டுக்காரரு இன்னும் அதச் சொல்லித்தான் மாமா குத்துறாரு."

நான் டீயைக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக்கூட வைத்தேன். பேருந்து ஏறிவிட்டேன்.

வாயால் வராதது கையாலாவது வருமா என்றுதான் அடுத்த மாதம் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே போய் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று தெரியாது. 'அ' வந்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு உண்டா என்றும் தெரியவில்லை.

உன் பதிவேட்டைப்போலக் கோடு போட்ட தாள் ஒன்று வாங்கி உன் மகளுக்கு எழுதி வைத்திருக்கிறேன். "நிறம் சிவப்பு. பார்த்தவன் நான். உன் அம்மாவிடம் பச்சை என்று சொன்னவனும் நான்." கீழே என் பெயர். முதன்முதலாகப் போட்ட கையெழுத்து.

அந்தத் தாளைத் தபாலில் போடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்காரரும் வீட்டில் இருப்பார். போய் நின்று, நானே வாய்விட்டுப் படிக்கப்போகிறேன். படிக்கத் தெரியாது என்று இனி நான் சொல்ல முடியாது.

அவள் என்னை உள்ளே கூப்பிட்டாளா, வெளியே போகச் சொன்னாளா என்பதை அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். எது நடந்தாலும், சிவப்பு என்றால் சிவப்பு என்றே எழுதுவேன்.