உன் தாளத்துக்கு மூன்று பாட்டுகள்

என் செல்லத் தம்பி சங்கரா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கரமனை வீட்டில் எல்லோரும் சுகம். ஆனால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். உனக்குக் கோபம் வரலாம்.

நீ கடைசியாகப் பதிவு செய்த ரெகே இசைத் தாளம் நினைவிருக்கிறதா? பாட்டில்லாமல், டிரம்ஸும் உன் பேஸ் கிதாரும் மட்டும் நாலு நிமிடம் போகுமே, அது. உன்னோடு வாசித்த விழிஞ்ஞம் ஜோசப் வந்து கேட்டான், கொடுத்தேன். அவன் அதன்மேல் ஒரு பாட்டுப் பாடிவிட்டு, இன்னும் இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டான். ஒரே தாளம், மூன்று பாட்டு. சனிக்கிழமை வெளிவருகின்றன.

"திருட்டொண்ணும் இல்ல டீச்சரே. ரெகேயில இதான் பழக்கம், கேட்டோ. தாளம் நல்லாருந்தா ஆளாளுக்கு அதுல பாடுவாங்க. ஆனா சேட்டனோட மோள் மீரா சம்மதிக்காம வெளிய விடமாட்டோம்" என்றான்.

உன் மகளை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் "கேட்டுவிட்டு எடு" என்று சொன்னவள் நான்.

போன வாரம் வந்தாள். உட்காரவில்லை.

"அப்பா பண்ணினதை யாரைக் கேட்டுக் குடுத்தேள் அத்தை?"

கரும்பலகையில் 'மழை' என்று தலைப்பு எழுதிப்போட்டால் நாற்பது பிள்ளைகள் நாற்பது கட்டுரை எழுதுவார்கள், அதைக் காப்பி என்று யாரும் சொல்வதில்லை, இதுவும் அப்படித்தான் என்றேன்.

"தலைப்பு குடுத்த டீச்சர் அங்கேயே உக்காந்திண்டிருப்பா. அப்பா எங்கே இருக்கார்?"

பாட்டுகளை நிறுத்தச் சொல்ல ஜோசப்பை அழைக்கக் கைபேசியை எடுத்தாள். அப்போதுதான் என் வாயில் அது வந்தது. "உங்கப்பாதான்டி சொன்னான். ஆஸ்பத்திரியில. யார் கேட்டாலும் குடுத்துடுன்னான்."

நீ சொல்லவில்லை சங்கரா. கடைசி மூன்று நாள் நீ வாயே திறக்கவில்லை. மீரா பெங்களூரிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

அவள் முகமே மாறிவிட்டது. மெல்ல உட்கார்ந்தாள். ஜோசப்பை அழைத்துச் சரி என்று சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா அத்தை?"

அன்றிலிருந்து தினமும் ஃபோன். "ஏதாவது ஞாபகம் வந்துதா?" தலைசுற்றல், சர்க்கரை என்று ஏதேதோ சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். அவள் எதைக் கேட்க ஏங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிடுவது எத்தனை சுலபம். நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

மூன்று பாட்டையும் கேட்டேன். ஜோசப் கடலைப் பாடுகிறான். ஒருத்தி, காலி செய்யச் சொன்ன வாடகை வீட்டை. போனக்காடு என்ற மலையூர்க்காரன் ஒருவன், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தன் அம்மாவை. நன்றாக இருக்கின்றன. அதுதான் என்னை இன்னும் தடுமாற வைக்கிறது.

பத்திரிகைக்கு நான் அனுப்பப்போகும் இந்தக் கடிதம் அச்சில் வருமுன் அவள் இதை என் வாயால் கேட்டாக வேண்டும். நாளைக் காலையில் பெங்களூருக்குப் போகிறேன். உன் பெயரில் நான் சொன்னது பொய் என்று சொல்லிவிடுவேன். பாட்டுகளை நிறுத்தச் சொன்னால், நானே ஜோசப்பிடம் பேசி நிறுத்துவேன். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவள் சொன்னாலும், அவள் கதவைத் திறக்கும்வரை போய்க்கொண்டே இருப்பேன். இது உனக்கு என் வாக்கு.

நீ சொல்லாததைச் சொன்ன உன் அக்கா,
லலிதா